ஆண்டறிக்கை 2024–2025: எமது கார்கள் வீதியில் ஓட வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். பழைய பிரித்தானிய சொகுசுக் கார்களை வைத்திருக்கும் வடமேற்கு லண்டன் தமிழர்களின் இச்சங்கத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். கணக்கு விபரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் இரங்கல். எமது ஆரம்பகால அங்கத்தவர் ஒருவரை இந்தக் குளிர்காலத்தில் இழந்தோம். ஜாகுவாரின் உடன்பிறப்பான அவருடைய டெய்ம்லர் சொவ்ரின் காரை அறியாதவர் இங்கே இல்லை. கிரில்லின் மேல்விளிம்பில் ஓடும் அந்த வரிப் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பல்துலக்கும் பிரஷ்ஷால் அவர் துடைப்பதை நாமெல்லோரும் நின்று பார்த்திருக்கிறோம். காரை விற்றுவிடும்படி பலர் சொல்லியும் மூத்த மகள் விற்கவில்லை. இப்போது அவரே ஓட்டுகிறார், இன்றைய கூட்டத்துக்கும் அதில்தான் வந்திருக்கிறார். அந்தப் பிள்ளையைச் சங்கத்தின் அங்கத்தவராக வரவேற்கிறேன்.

2024 ஒக்ரோபர் 9 அன்று ரத்தன் டாடா அவர்களும் காலமானார். 2008இல் போர்ட் நிறுவனத்திடமிருந்து ஜாகுவாரையும் லாண்ட் ரோவரையும் டாடா மோட்டர்ஸ் வாங்கியபோது குழுமத்தின் தலைவராக இருந்தவர் அவர். வில்லியம் லயன்ஸ் என்ற இளைஞர் 1922இல் பிளக்பூலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்யத் தொடங்கிய தொழில், எண்பத்தாறு ஆண்டுகளின் பின் ஓர் இந்தியக் குழுமத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. மறைந்த எமது அங்கத்தவர், ரத்தன் டாடா ஆகிய இருவருக்காகவும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

2024 நவம்பர் மாதம் ஜாகுவார் நிறுவனம் தன் சின்னத்தையும் எழுத்தையும் மாற்றி, இனி மின்சாரக் கார்கள் மட்டுமே என்று அறிவித்தது. எமது வட்சப் குழுவில் அது பற்றிய வாக்குவாதம் பல நாட்கள் நீடித்தது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் எந்தத் திசையில் போவது என்பது அவர்களுடைய முடிவு. ஏற்கெனவே செய்து வீதிக்கு அனுப்பிய கார்கள் என்ன ஆகின்றன என்பதுதான் எங்களுடைய அலுவல், அதில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

ஏன் இந்தக் கார்கள் என்று இவ்வாண்டு சேர்ந்த இளையவர்கள் கேட்கிறார்கள். எம்மிடையே அதிகம் இருப்பது ஜாகுவார் எக்ஸ்ஜே என்பதால் அதைக் கொண்டே பதில் சொல்கிறேன். 1968 செப்ரெம்பரில் வெளிவந்த கார் அது. லயன்ஸ் ஒரு காரின் அழகை வரைபடத்தாளை வைத்து முடிவு செய்தவர் அல்லர். முழு அளவு மாதிரியைச் செய்வித்து, வப்பன்பரியில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, பகல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். எக்ஸ்ஜேயின் பின்பக்கச் சரிவை ஒரு மாலை நேரத்தில் நின்று பாருங்கள், அந்தக் கண் என்னவென்று விளங்கும். உள்ளே இருக்கும் அமைதிக்குப் பொறுப்பு பொப் நைற் என்ற பொறியியலாளர். சக்கரத்தின் அதிர்வு உடலுக்கு ஏறாதபடி, முன்பின் அச்சுகளைத் துணைச் சட்டகங்களில் வைத்து ரப்பர் தாங்கிகளால் பிணைத்தவர். அந்தக் காருக்கென்றே டன்லொப் நிறுவனம் அகல ரயர் ஒன்றை உருவாக்கியது. பொனற்றுக்குக் கீழே இருக்கும் ஆறு சிலிண்டர் எக்ஸ்கே எஞ்சின் 1948இல் அறிமுகமானது. உலகப்போர்க் காலத்தில் தொழிற்சாலையில் இரவுத் தீக்காவல் இருந்தபோது லயன்ஸும் அவருடைய பொறியியலாளர்களும் பேசித் திட்டமிட்டது அது. 1951 முதல் 1957 வரை பிரான்சின் லு மான் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தை ஐந்து தடவை வென்ற கார்கள் எல்லாவற்றிலும் இருந்ததும் இந்த எஞ்சின் குடும்பமே. அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வரும் வழியில் மரக்கறி வாங்கி வரலாம்.

எம்மவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்தவர்களில் பலர் முதலில் வேலைக்கு நின்றது பெற்றோல் செட்டில். இரவு வேலை, கண்ணாடிக்குப் பின்னால் கல்லா. எக்ஸ்ஜேக்கு இரண்டு பெற்றோல் தாங்கிகள், பின்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று. ஒருவர் ஒரு பக்கம் அடித்து முடித்துவிட்டு, காரை நகர்த்தியோ குழாயை இழுத்துக்கொண்டோ மறுபக்கம் போனால், வந்திருப்பது எக்ஸ்ஜே என்று தலை நிமிராமலே தெரியும் என்று எமது தலைவர் அடிக்கடி சொல்வார். அந்த நாளில் கண்ணாடிக்கு வெளியே பார்த்த காரைப் பென்சன் எடுத்த பிறகு சொந்தமாக வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்த ஆசைக்கு நான் தலைவணங்குகிறேன்.

வாங்க முடிந்ததற்குக் காரணம் விலை. ஈ-டைப் என்ற ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் கார் இன்று எங்களுக்கு எட்டாது. எக்ஸ்ஜே எட்டுகிறது, ஒரு பஸ் சாரதியின் சேமிப்புக்கும் எட்டுகிறது. ஆனால் அந்த விலைக்குறைவுதான் இந்தக் காரைக் கொல்கிறது. கறள் பிடித்த ஈ-டைப்பை யாரும் உடைப்பதில்லை. திருத்தச் செலவு போனாலும் விலை அதை மீட்டுத் தரும். எக்ஸ்ஜேயில் அப்படி இல்லை. கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் அடித்தகட்டுக்கு வெல்டிங் செய்யும் கூலியே காரின் பெறுமதியைத் தாண்டிவிடும். ஆகவே உடைக்கிறார்கள். எஞ்சின் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் போகிறது. பின்பக்க அச்சுத் தொகுதி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் நகல்களுக்கும், வேகத்துக்காக மாற்றியமைக்கும் ஹொட் ரொட் கார்களுக்கும் போகிறது. மிச்சம் பழைய இரும்புக்கு. கணக்குப் பார்த்தால் திருத்தக் கூடாத கார்களைத் திருத்துவதற்காகத்தான் இப்படி ஒரு சங்கம் வேண்டியிருக்கிறது. இலாபத்துக்கு வாங்க நினைக்கும் அன்பர்கள் வேறு எதிலாவது பணத்தைப் போடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டின் மிகப் பயனுள்ள நிகழ்ச்சி, அங்கத்தவர் ஒருவரின் கராஜில் நடத்திய கறள் வகுப்பு. புது அங்கத்தவர் ஒருவரின் மூன்றாம் வரிசை (சீரிஸ் 3) எக்ஸ்ஜே உயர்த்தியில் ஏறியது. வெளியே பளபளப்பு. கராஜ்கார அண்ணர் சிறிய ஸ்குறூ டிரைவரின் பிடியால் அடித்தகட்டு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்குக் கிட்ட மந்தமானது. நுனியால் லேசாக அழுத்த, பெயின்ற்றும் பூச்சுமாவும் உதிர்ந்து விரல் போகும் ஓட்டை தெரிந்தது. பின்பக்க அச்சை உடலோடு இழுத்துப் பிடிக்கும் தண்டு பொருந்தும் இடம் அது, அங்கே இரும்பு போனால் உயிராபத்து. அடுத்து அவர் காட்டியது பெற்றோல் மூடியைச் சுற்றியுள்ள சிறு பள்ளம். மழைநீர் வடியும் குழாய் அங்கே இருக்கிறது. சருகும் தூசும் அடைத்தால் தண்ணீர் தாங்கிக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள தகரத்துக்குள்ளும் இறங்கும். ஒரு மெல்லிய நைலோன் நூலை மாதம் ஒருமுறை விட்டு எடுத்தால் போதும். இரண்டு தாங்கியையும் மாறி மாறிப் பாவியுங்கள் என்றும் சொன்னார். டாஷ்போர்டில் அதற்கான சுவிட்ச் சும்மா வைக்கப்படவில்லை. பல மாதம் தொடாத தாங்கியில் பெற்றோல் கெட்டு, அடியில் கறள் சேரும். பின்சக்கர டிஸ்க் பிரேக் பற்றியும் கேட்டார்கள். அவை சக்கரத்தோடு இல்லை, நடுவில், இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. மாற்றுவதென்றால் பெரும்பாலும் முழுத் தொகுதியையும் கீழே இறக்க வேண்டிவரும். வாங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

கோடைச் சுற்றுலா நல்லபடி நடந்தது. எம்40 நெடுஞ்சாலை வழியே கேடன் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் போய், பிறகு கொவென்றிக்குச் சென்றோம். பிறவுண்ஸ் லேன் தொழிற்சாலையில் ஐம்பதுகளின் தொடக்கம் முதல் 2005 வரை ஜாகுவார்கள் உருவாயின. இன்று அங்கே லயன்ஸ் பார்க் என்ற பெயரில் வேறு தொழில்கள் நடக்கின்றன. எமது கார்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். ஒரு காரும் வழியில் நிற்கவில்லை. புளிச்சாதம் கொண்டுவந்த மகளிருக்கு நன்றி.

சட்ட விடயங்கள் சில. வீதி வரி விலக்கு நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு. 2025 ஏப்ரல் 1 முதல், 1985 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கும் அது வந்துவிட்டது. ஆனால் தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பித்துப் பழங்கால வாகன வகைக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் யூலெஸ் எனப்படும், புகை கூடிய வாகனங்களுக்கான லண்டன் கட்டணமும் இல்லை. 2023 ஓகஸ்ற் 29 முதல் லண்டன் முழுவதும் நாளொன்றுக்கு 12.50 பவுண் என்பதால், எங்களுக்கு இது பெரிய விடயம். மத்திய லண்டன் நெரிசல் கட்டணத்துக்கு இந்த விலக்கு கிடையாது. 2018 மே மாதத்திலிருந்து, பெரிதாக மாற்றம் செய்யப்படாத நாற்பது வயதுக் கார்களுக்கு எம்.ஓ.ரி என்ற வருடாந்த வாகனப் பரிசோதனை கட்டாயம் இல்லை. சட்டம் விட்டாலும் சங்கம் விடாது. வருடம் ஒருமுறை உயர்த்தியில் ஏற்றிப் பார்க்காத காரை எமது ஊர்வலங்களில் சேர்ப்பதில்லை என்ற குழுவின் முடிவை இங்கே உறுதிப்படுத்துகிறேன். பெற்றோலில், 2021 செப்ரெம்பர் முதல் சாதாரண வகையில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். சில பென்ஸ் கூடினாலும் 5 வீதத்தைத் தாண்டாத சூப்பர் வகையையே அடியுங்கள்.

கல்யாண வீடுகளுக்கு எமது இரண்டு றோல்ஸ் றோய்ஸ் சில்வர் ஷடோக்களையும் இவ்வாண்டும் ஓயாமல் கேட்டார்கள். மணமக்களை ஏற்றி இறக்குவதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். காசு வாங்கி ஓட்டினால் வழமையான கிளாசிக் காப்புறுதி செல்லாது, அதற்குத் தனிக் காப்புறுதி எடுத்த பிறகே சம்மதியுங்கள். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. பொனற்றில் பூசும் மஞ்சளை மட்டும் அன்று இரவே கழுவிவிடுங்கள், வெள்ளைப் பெயின்ற்றில் ஊறினால் போவது கஷ்டம். ஷடோ உரிமையாளர்களுக்கு இன்னொன்று. அதன் பிரேக் எஞ்சினின் விசையால் அழுத்தம் ஏற்றப்படும் ஹைட்ரோலிக் முறை, அதற்குரிய திரவம் வேறு. அதற்கு அடுத்த மொடலாக 1980இல் வந்த சில்வர் ஸ்பிரிற்றின் மினரல் எண்ணெயை இதில் ஊற்றினால் உள்ளே உள்ள சீல்கள் எல்லாம் பழுதாகும். தெரியாத கராஜில் காரை விடும்போது இதை எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு வாருங்கள்.

நிறைவாக, சபையின் தீர்மானத்துக்கு ஒரு விடயம். 1972ஆம் ஆண்டு முதல் வரிசை எக்ஸ்ஜே 6 ஒன்று, அங்கத்தவர் ஒருவரின் அயலவரிடம் பல வருடமாக நிற்கிறது. அடித்தகட்டு இரண்டு பக்கமும் போய்விட்டது. தோல் இருக்கைகள் தையல் விடாமல் இருக்கின்றன, எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. எஞ்சினுக்காக மட்டும் அதை வாங்க ஒருவர் வந்து போயிருக்கிறார். அவருக்கு முன் சங்கம் அதை வாங்க வேண்டும் என்றும், கராஜ்கார அண்ணரின் மேற்பார்வையில் எமது இளையவர்கள் சனிக்கிழமைகளில் அதைத் திருத்த வேண்டும் என்றும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. தகரமும் வெல்டிங் கூலியும் எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்று, அந்தத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்