புல்தரையில் முளைப்பது புல்லா, கோரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை தொடங்கிவிட்டால் கொழும்பு வீட்டுத் தோட்டங்களில், புல் வெட்டிய இரண்டு மூன்று நாளிலேயே சில பளபளப்பான இலைகள் மட்டும் தனியே தலைநீட்டும். அதைப் புல்லென்று எண்ணிப் பிடுங்கத் தொடங்குவதில்தான் தொல்லை ஆரம்பம். அது கோரை. அடித்தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள்: மூன்று பட்டையாக இருப்பதால் தடக்கும். தண்டில் கணு இராது, இலைகள் மூன்று வரிசையாக வரும். புல்லில் கணு உண்டு, இலை இரண்டு வரிசைதான்.

பூ செம்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் கீழே கிழங்கு இருக்கும். வெள்ளை உருண்டைப் பூவானால் அது வேறு கோரை. கிழங்கு வைக்காது, ஈரத் தரையில் மேலோட்டமாகப் படரும். அதைக் கொத்தோடு கிளறி எடுத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கிழங்குக் கோரை அப்படியல்ல. கறுத்த சிறு கிழங்குகள் நூல் போன்ற வேர்த்தண்டில் மணிமாலையாகக் கோத்துக் கிடக்கும். பெரும்பாலானவை மேல் 15 சென்ரிமீற்றருக்குள். இழுத்தால் நூல் அறும், கிழங்கு தங்கும், அதுவரை உறங்கிய மொட்டுகளும் விழிக்கும். மண்வெட்டியால் கொத்துவது இன்னும் மோசம்: அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனிச்செடியாகும். சிறு திட்டாக இருந்தால் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணோடு தோண்டி, கையால் உதிர்த்துக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். அவற்றைக் கூட்டெருக் குழியில் போடவேண்டாம். பின்னர் வரும் முளைகளை இளசாகவே, பத்து நாளுக்கொரு தடவை விடாமல் எடுத்தால், புதுக்கிழங்கு வைக்க நேரமிராது.

திட்டு பெரிதென்றால் களைநாசினிதான் வழி. கிளைபோசேட் புல்லையும் சேர்த்துக் கொல்லும். ஹாலோசல்பியூரான் போன்ற, கோரையைத் தாக்கிப் புல்லை விடும் மருந்து வேண்டும். பதிவு பெற்றதா, உங்கள் புல்வகைக்கு ஏற்றதா என்று லேபிளில் பாருங்கள், அளவும் அதன்படியே. தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக் கூடாது, மழைக்குறி இருக்கக் கூடாது. மெழுகுப்பூச்சுள்ள இலையில் மருந்து வழிந்தோடுமாதலால் லேபிள் சொல்லும் ஒட்டுதிரவத்தையும் கலக்க வேண்டும். கோரை மஞ்சளாக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பொறுமையிழந்து மறுவாரமே மீண்டும் தெளிப்பது பணத்துக்குக் கேடு. உப்பு போடச் சொல்லும் வைத்தியத்தை மறந்துவிடுங்கள், புல்தான் முதலில் சாகும்.

புது வீடுகளுக்குக் கோரை பெரும்பாலும் லொறி மண்ணிலும் புல் கார்ப்பட்டிலும்தான் வருகிறது. மண் வாங்குமுன் ஒரு வாளி எடுத்து ஈரமாக்கி இரண்டு வாரம் வையுங்கள். கார்ப்பட்டைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். ஊசிமுளையோ கறுத்த கிழங்கோ கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.

வாசகர்,
வெள்ளவத்தை