407இல் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ தங்கியிருக்கும் அறையைப் பற்றிப் போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இது வீடு இல்லப்பா, 407. அவ்வளவுதான்" என்றாய். நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்குவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று, பேசியிருந்தால் உளறியிருப்பேன். எழுதினால் எனக்குக் கொஞ்சம் நிதானம் வரும்.

உன் ஆய்வகக் கதவில் ஒரு குறி ஒட்டியிருக்கிறதே, நடுவில் வட்டமும் சுற்றிலும் கொம்பு கொம்பாக மூன்று வளையமுமாக. முதல் நாள் நீ படம் எடுத்து அனுப்பியபோது அம்மா அதை ஏதோ பூ என்று நினைத்தாள். அவள் மேல் தப்பே இல்லை. கிருமி போன்ற உயிரி ஆபத்தை எச்சரிக்கும் குறி அது; எதையும் நினைவுபடுத்தக் கூடாது என்றே வரைந்தது. 1966இல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வினும் கூட இருந்தவர்களும் பல வடிவங்களை வரைந்து ஆட்களிடம் காட்டிச் சோதித்தார்கள். பார்த்தால் ஒரு அர்த்தமும் தோன்றக் கூடாது; ஆனால் பார்த்தது மறக்கவும் கூடாது. இரண்டிலும் தேறியது இதுதான். அர்த்தத்தை அப்புறம் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு அதைப் பார்த்ததும் உன் கை தானாகவே கையுறையைத் தேடுகிறது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியத்தில் வருகிறது. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பளிச்சென்று தெரியாது என்கிறார். குறிகளுக்கும் அதே கதைதான்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனால் எப்படி முடியும் என்பதற்கு 1987இல் பிரேசிலின் கோயானியா நகரத்தில் நடந்ததைப் பார். கைவிட்ட சிகிச்சை நிலையம் ஒன்றில் கிடந்த கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்புக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சொந்தக்காரர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. நீயாக இருந்தால் அந்த நீலத்தைப் பார்த்ததும் ஓடியிருப்பாய். 2007இல்தான் சர்வதேச அணுசக்தி முகமை, கதிர்வீச்சுக்கான பழைய மூன்று இதழ்க் குறியோடு மண்டையோட்டையும் ஓடும் மனிதனையும் சேர்த்துப் புதுக் குறி ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய குறி, அர்த்தம் தெரிந்தவர்களிடம் மட்டும்தான் பேசுகிறது என்று அப்போதாவது ஒப்புக்கொண்டார்கள்.

சரி, 407க்கு வருகிறேன். நீ பிறந்த ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்பு பெஞ்ச் உண்டு. அன்று ராத்திரி முழுக்க நான் உட்கார்ந்திருந்த பெஞ்ச். போன மாதம் கண் காட்டப் போனபோது பார்த்தேன், யாரோ ஒருவர் அதில் காலை நீட்டிப் படுத்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருங்க சார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. என்ன காரணம் சொல்வது? ஆனால் நானும் அந்த ராத்திரிக்கு முன்பு அதைத் தாண்டி எத்தனையோ தடவை போனவன்தான், அப்போது அது என் கண்ணில் பட்டதே இல்லை.

யி-ஃபூ துவான் என்ற புவியியலாளர் வெளி வேறு, இடம் வேறு என்பார். வெளியில் நாம் நகர்ந்துகொண்டே இருக்கிறோம். எங்கே நின்று தங்குகிறோமோ அதுதான் இடமாகிறது. நீ 407இல் இன்னும் நிற்கவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தூங்குவதற்கு மட்டும் போகிறாய். அங்கே உனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறதா? யாருடனாவது சண்டை போட்டு அழுதிருக்கிறாயா? அதெல்லாம் நடக்காத வரைக்கும் அது எண்ணாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். நீ போன மூன்றாம் மாதம் உன் அறைக்கு வெள்ளையடித்தேன். கதவுக்குப் பின்னால் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், கொத்துக் கொத்தாக. ஏதோ கிறுக்கல் என்று நினைத்து அதன் மேல் இரண்டு கோட்டிங் கூடவே அடித்தேன். வீடியோவில் காட்டியபோது "சுத்தமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நீ சட்டென்று போனை வைத்துவிட்டாய். வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு நாளைக்கு ஒன்றாக நீ போட்டுவந்த கோடுகள் அவை என்று அம்மா போன வாரம்தான் சொன்னாள். என்னைப் பெற்றவளுக்காக என் மகள் போட்ட கோடுகள். பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நான் போட்டால் அது வெறும் கோடு என்று தோன்றியது, வைத்துவிட்டு வந்துவிட்டேன். மொத்தம் எத்தனை என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

407இல் ஜன்னல் எந்தப் பக்கம் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா