படிகளை எண்ணிச் சொல்லுங்கள்: வெனிஸ் ஹோட்டல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெனிஸ் நகரத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களை நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய ஹோட்டலில் அம்மாவோடு தங்கிவந்தேன்; அவரிடமிருந்து போன வாரம் எனக்குப் பதில் வந்தது. தங்களுடையது பதினைந்தாம் நூற்றாண்டு மாளிகை என்றும், அதன் பழமையைப் புரிந்துகொள்ளும் விருந்தினர்களையே தாங்கள் எதிர்பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். பழமையைப் பற்றி நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. படகுத் துறையிலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை உங்கள் இணையதளத்தில் போடுங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. பிறகு விசாரித்தால், உங்கள் நகரத்தில் தங்கிவந்த வேறு சிலரும் இதையே சொல்கிறார்கள். ஒரு ஹோட்டலோடு முடிகிற விஷயமாகத் தெரியாததால் அந்த ஹோட்டலின் பெயரை விட்டுவிட்டு உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இத்தாலிய மொழியில் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு அடுத்து உங்களிடம் வரப்போகிற எங்கள் குடும்பங்களுக்காக.

என் அம்மா திருச்செந்தூர்ப் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். 1271-இல் உங்கள் ஊரிலிருந்து கிளம்பி 1295-இல் திரும்பிவந்த மார்க்கோ போலோ, நடுவில் எங்கள் கரைக்கும் வந்தார். காயல் துறைமுகத்தைப் பற்றியும், அங்கே குதிரைகளோடு வந்து நின்ற கப்பல்களைப் பற்றியும், முத்துக் குளிப்பைப் பற்றியும் எழுதிவைத்தார். அம்மாவின் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அந்தக் காயல் கரை பஸ்ஸில் போய்வருகிற தூரம். அங்கே வந்துபோனவரின் வீடு எங்கே இருந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. போலோ குடும்பத்து வீடுகள் நின்ற கோர்த்தே தெல் மிலியோன் முற்றம் ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில், மாலிப்ரான் அரங்கத்தின் பின்னால் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கையைப் பிடித்துக்கொண்டால் சமதளத்தில் நாலு எட்டு வைப்பார். மற்றபடி வீல்சேர்தான்.

அதனால்தான் விலை உயர்ந்த ஹோட்டலைத் தேடினோம். அண்ணனும் நானும் சேர்ந்து பணம் போட்டோம். கையில் காசு இருந்தால் அம்மாவுக்குச் சிரமம் குறையும் என்று நம்பினோம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை என்று உங்கள் இணையதளத்தில் வீல்சேர் படம் போட்டிருந்தது. மின்னஞ்சலிலும் கேட்டேன். எல்லா வசதியும் உண்டு, படகுத் துறையிலிருந்து மூன்று நிமிட நடை என்று பதில் வந்தது.

அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு பாலம் இருந்தது. ஏற 17 படி, இறங்க 14 படி. வெனிஸில் பாலம் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். 118 தீவுகளும் 400-க்கும் மேற்பட்ட பாலங்களும் சேர்ந்ததுதான் உங்கள் ஊர். இந்த வழியில் ஒரு பாலம் உண்டு, சுற்றுவழி கிடையாது என்ற ஒரு வரிதான் எனக்குத் தேவைப்பட்டது. அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அதுவரை வந்த வழியில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்திலிருந்து வாப்போரெத்தோ என்கிற பொதுப் படகில், ஒன்றாம் எண் தடத்தில் வந்தோம். படகைக் கட்டும் ஊழியர் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, தானே வந்து அம்மாவின் வீல்சேரைப் பிடித்து உள்ளே ஏற்றினார். படகில் வீல்சேருக்கு இடம் இருந்தது. சாதாரண மக்கள் ஏறும் பொதுப் படகில் அம்மா கௌரவமாக வந்தார். சிரமம் தொடங்கியது உங்கள் வாசலுக்குக் கிட்டே வந்த பிறகு.

பாலத்தில் அம்மாவை நாற்காலியோடு தூக்க இரண்டு ஊழியர்களை அனுப்பினீர்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பாலத்தின் உச்சியில் சேலை கரண்டைக்கு மேலே ஏறி, அதை இழுத்துவிட அம்மா ஒரு கையை எடுக்க, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம் நின்று பார்த்தது. இரண்டு பேர் போனில் படமும் எடுத்தார்கள். முப்பது வருஷம் வகுப்பில் நிமிர்ந்து நின்றவர் அன்று கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த முறை தண்ணீர்ப் பக்கத்து வாசலுக்குப் படகு டாக்ஸியில் வரலாமே என்று வரவேற்பறையில் யோசனை சொன்னார்கள். வழவழப்பான அந்த மரப்படகுகளின் உள்ளறைக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். இறங்குமிடத்திலோ, நீர் வற்றும் நேரங்களில் பாசி படிந்த கல்படிகள் வெளியே தெரிகின்றன. முழங்கால் நன்றாக இருக்கிற எனக்கே அங்கே கால் வழுக்கியது.

வாசலுக்குள் நுழைந்தால், தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால் லிஃப்டை ஏழு படிக்கு மேலே வைத்திருந்தார்கள். சரி, அதற்குக் காரணம் இருக்கிறது. லிஃப்டின் கதவு வீல்சேரைவிடக் குறுகல். நாற்காலியை மடக்கி, அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். அறை பெரிய அறை. பட்டுத் துணி ஒட்டிய சுவர்கள், முரானோக் கண்ணாடி விளக்கு, ஜன்னலுக்கு வெளியே கிராண்ட் கனால்.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசலில் 18 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பளிங்குப் படி. ஏன் என்று கேட்டதற்கு உங்கள் பராமரிப்பு ஊழியர் பொறுமையாக விளக்கினார். பழைய மாளிகைகளில் தளம் மர உத்தரங்கள்மேல் நிற்கிறது, கழிவுக் குழாயை அதைத் துளைத்து இறக்க முடியாது, அதனால் தளத்தின் மேலேயே குழாயை ஓட்டி, அதற்கு மேல் குளியலறைத் தரையை உயர்த்திப் போடுகிறார்கள். நியாயமான விளக்கம். அப்படியானால் அந்தப் படி யார் கண்ணுக்கும் தப்பிய ஒன்று கிடையாது. தெரிந்தே கட்டி, தெரிந்தே மேலே பளிங்கு பதித்து, தெரிந்தே அந்த அறைக்கு வீல்சேர் படம் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் படியில் ஏற அம்மாவுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பகலில் நானும் அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண்ணும். இரவில் நான் மட்டும். முதல் நாள் ராத்திரி என் தோளைப் பிடித்து ஏறும்போது அம்மாவின் கால் மடங்கி, இருவருமே கதவு நிலையில் மோதினோம். அடுத்த நாள் மாலை நாலு மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் சூப்பை ஒதுக்கினார், காபி வேண்டாம் என்றார், மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினார். நான் கவனித்துக் கேட்டபோது, "ராத்திரி எந்திரிச்சா உனக்குத்தானே கஷ்டம், விடும்மா" என்றார். அவர் சர்க்கரை நோயாளி. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நகரத்தில், ஒரு ராத்திரிக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடலாம், அப்படிப்பட்ட அறையில் என் அம்மா நாக்கு வறண்டு படுத்திருந்தார். கோர்த்தே தெல் மிலியோனுக்கும் அவர் போகவில்லை. திரும்ப அந்தப் பாலத்தில் என்னைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் போய்ப் படம் எடுத்துவந்து காட்டினேன்.

பாலத்தை இடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. மர உத்தரத்தைத் துளையுங்கள் என்றும் கேட்கவில்லை. படிகளை எண்ணிச் சொல்லுங்கள்.

அளப்பது உங்களுக்குத் தெரியாத வேலையா? கடல் மட்டம் நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறும் என்று உங்கள் நகராட்சியின் ஓத நிலையம் முன்கூட்டியே சொல்கிறது. 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் 194 சென்டிமீட்டர், 2019 நவம்பர் 12 வெள்ளத்தில் 187 சென்டிமீட்டர் என்று உங்கள் ஊர்க் குழந்தைகள்கூடச் சொல்வார்கள். கடலை மறிக்க 78 கதவுகளைக் கடலுக்கடியில் பதித்து 2020 அக்டோபரில் முதல்முறை வெள்ளத்துக்கு எதிராகத் தூக்கி நிறுத்தினீர்கள். எத்தனை சென்டிமீட்டரில் தண்ணீர் ஹோட்டல் வாசலைத் தாண்டும் என்பது உங்கள் வரவேற்பறைப் பணியாளருக்கு மனப்பாடம். எங்களிடமே அதைப் பெருமையாகச் சொன்னார். ஒருநாள் வந்துபோகிறவர்களையும் 2024 ஏப்ரல் 25 முதல் நுழைவுக் கட்டணம் வைத்து எண்ணுகிறீர்கள். அந்த ஆண்டு 29 நாள், அடுத்த ஆண்டு 54 நாள் என்று பட்டியலும் போட்டீர்கள். தங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று நகர வரியை எங்கள் பில்லில் காசு பிசகாமல் சேர்த்திருந்தீர்கள். இத்தனையும் எண்ணுகிறவர்களுக்கு வாசலிலிருந்து லிஃப்டுக்கு ஏழு படி என்று எழுத என்ன தடை?

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் நாட்டின் 1989-ஆம் ஆண்டு 236-ஆம் எண் அமைச்சக ஆணை, ஹோட்டலில் 40 அறை வரைக்கும் வீல்சேருக்கு ஏற்ற இரண்டு அறைகள், அதற்கு மேல் ஒவ்வொரு 40-க்கும் இன்னும் இரண்டு என்று கணக்குச் சொல்கிறது. கதவின் அகலத்தைக்கூடச் சென்டிமீட்டரில் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், அதற்குக் கடுமையான சேதம் வராமல் வேலையைச் செய்ய முடியாது என்ற நிலையில்தான் தொல்லியல் துறை அனுமதியை மறுக்கலாம், மறுக்கும்போது காரணம் எழுத வேண்டும் என்கிறது அதே ஆண்டின் 13-ஆம் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இத்தாலி 2009-இல் ஏற்றுக்கொண்டது. பழைய மாளிகை என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாக் கேள்வியையும் மூடிவிட முடியாது என்று உங்கள் சட்டமே சொல்லும்போது, அதையே எனக்குப் பதிலாக அனுப்பலாமா?

பழைய கட்டடம்தான் காரணம் என்றால் 2008-இல் திறந்த பாலத்துக்கு என்ன சொல்வது? கிராண்ட் கனால்மேல் நான்காவதாகக் கட்டிய அந்தப் பாலம் புத்தம் புதியது, உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்தது. ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கிற, எல்லோரும் பெட்டி தூக்கிக்கொண்டு கடக்கிற இடம். அதில் வீல்சேருக்கு வழி வைக்கவில்லை. கூக்குரல் எழுந்த பிறகு, 15 லட்சம் யூரோவுக்கு மேல் செலவழித்து, முட்டை வடிவக் கூண்டு ஒன்றைப் பாலத்தின் ஓரமாகத் தொங்கவிட்டார்கள். 2013-இல் ஓடத் தொடங்கிய அது மெதுவாக ஊர்ந்தது, வெயிலில் உள்ளே வெந்தது, பாதி நாள் பழுதாகி நின்றது. 2020-இல் கழற்றிப் போட்டுவிட்டார்கள். வீல்சேரில் வருகிறவரை முதலிலேயே மனதில் வைக்காமல், கடைசியில் ஒட்டவைக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். மாரத்தான் ஓட்டக்காரர்களுக்காகக் கரையோரப் பாலங்கள்மேல் ஒவ்வொரு இலையுதிர் காலமும் மரச் சரிவுகள் போடுகிறீர்கள். ஓட்டம் முடிந்தும் சில மாதங்கள் விட்டுவைக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் ஓடுகிற கால்களுக்காகப் போட்ட சரிவுதானே அது?

இதில் அல்லல்படுகிறவர்கள் எங்களைப் போல வந்துபோகிறவர்கள் மட்டும்தானா? 1951-இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்றைக்கு 50,000 பேர்கூட இல்லை. மிஞ்சியிருப்பவர்களில் எத்தனை முதியவர்கள்! காய்கறிச் சக்கரப்பையைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு பாலம் ஏறும் பாட்டிகளை நான் தினமும் பார்த்தேன். அவர்களுடைய வீடுகள் ஒவ்வொன்றாக விருந்தினர் அறைகளாகின்றன. அந்த அறைகளிலும் எங்கள் அம்மாக்களால் தங்க முடியாது என்றால், இந்த நகரம் யாருக்காக இருக்கிறது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பாலமும் நகராட்சியும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

பக்கத்துப் படகுத் துறையிலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை பாலம், எத்தனை படி. வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி. லிஃப்ட் கதவும் அறைக் கதவும் எத்தனை சென்டிமீட்டர் அகலம். குளியலறை வாசலில் எவ்வளவு உயரம். ஒரு ஊழியர், ஒரு டேப், ஒரு மத்தியானம் போதும். தொல்லியல் துறையின் அனுமதி வேண்டியதில்லை. ஒரு கல்லையும் அசைக்க வேண்டியதில்லை. வெள்ளத்தைத் தடுக்க வாசலில் தகடு பொருத்துகிற நாட்களில் அதன் உயரத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த எண்களோடு ஒத்துப்போகாத அறைகளிலிருந்து வீல்சேர் படத்தை எடுத்துவிடுங்கள். உண்மை தெரிந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வோம், அல்லது தீவுகளுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் லிஃப்ட் உள்ள சாதாரண ஹோட்டலில் தங்கி, பகலில் ரயிலில் வந்து சுற்றிவிட்டுப் போவோம். தெரியாமல் வந்து மாட்டிக்கொள்கிறவர்கள்தான் மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள்.

அம்மா இன்னும் ஒருமுறை வர வேண்டும் என்கிறார். அந்த முற்றத்தை அவர் பார்க்கவில்லை, நானும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பணம் கட்டுவதற்கு முன்னால் உங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, இந்த எண்களைக் கேட்கப்போகிறேன். அதற்கு முன்பே அவற்றை நீங்களாக வெளியிட்டுவிட்டால் மிக்க நன்றியுடையவளாக இருப்பேன். தயவுசெய்து படிகளை எண்ணிச் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் ஹோட்டலில் அம்மாவோடு தங்கிச் சென்ற ஒரு மகள்