மீன் தொட்டி ஹீட்டர் போடுகிறவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க. மார்கழிக் குளிரில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் விடியக்காலையில் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப் போகிறது. ஹீட்டர் திருகில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என்னுடையதில் 26 வைத்தால் தண்ணீர் 28க்குப் போய்விடுகிறது. தனியாக ஒரு தெர்மாமீட்டரை ஹீட்டருக்கு எதிர் மூலையில் வையுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு திருகைத் தள்ளி வைத்து, மறுநாள் மறுபடி பாருங்கள். ஏஞ்சல், கப்பி மீன்களுக்கு 25, 26 டிகிரி போதும். ஹீட்டரின் அளவு, தொட்டித் தண்ணீர் லிட்டருக்கு 1 வாட் கணக்கு.

அப்புறம், தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி 20 நிமிடம் பொறுங்கள். தண்ணீர் இறங்கியதும் வெளியே தெரியும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடும். போன வருடம் எனக்கு அப்படித்தான் உடைந்தது. நல்லவேளை, அப்போது கரண்ட் இல்லை.