குளம் நிரம்பியதா, உடைந்ததா? மழைச் செய்திகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே வாக்கியம் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறது: 'தொடர்மழையால் குளம் நிரம்பி வழிந்தது.' இதைப் படிக்கும் கரையடி ஊர்க்காரர் மகிழ்வதா, சாமான்களைப் பரண்மேல் ஏற்றுவதா? குளத்து நீர் எந்த வழியாக வெளியேறினாலும் அதற்கென்று ஒரு வினைச்சொல்லை நம் மக்கள் வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 'வழிந்தது' என்று எழுதுவதால்தான் இந்தக் குழப்பம்.

கலிங்கு என்பது கரையின் ஓரத்தில் கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய தாழ்வான சுவர். அதன் உச்சிமட்டம்தான் குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம். மிகுதி நீர் அதைத் தாண்டி அடுத்த குளத்துக்கோ ஓடைக்கோ போவது, குளத்தை வெட்டியவர்கள் நினைத்தபடி நடப்பதே. திருநெல்வேலிப் பக்கம் இதை 'மறுகால் பாய்கிறது' என்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் 'கலுங்கு பாய்கிறது'. வடமாவட்டங்களில் 'ஏரி கோடி போகிறது'. மூன்றும் நல்ல செய்தி.

கரைமேல் வழிவது வேறு கதை. நம் குளங்களின் கரை பெரும்பாலும் மண்கரை. உச்சியைத் தாண்டும் நீர் வெளிச்சரிவை அரிக்கும், அரிப்பு மேலேறிக் கரையைத் தாழ்த்தும், தாழ்ந்த இடத்துக்கே மேலும் நீர் பாயும். கொஞ்ச நேரத்தில் உடைப்பெடுத்துவிடும். கூடுதலாகத் தண்ணீர் பிடிக்க ஆசைப்பட்டுக் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவது இதற்கு ஒரு காரணம். முழுக் கொள்ளளவு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே விட்டிருக்கும் பாதுகாப்பு இடைவெளியை அந்த மூட்டைகள் தின்றுவிடுகின்றன. கலிங்குக்குக் கீழே மிகுதி நீர் ஓடும் போக்குக்காலை அடைத்துக் கட்டிய கட்டடங்கள் இன்னொரு காரணம். ஆகவே 'மறுகால் பாய்ந்தது', 'கரைமேல் வழிந்தது' இரண்டையும் நிருபர் பிரித்து எழுதினாலே பாதி எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும்.

'குளம் உடைந்தது' என்பது மக்கள் வழக்குதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எது உடைந்தது என்று அடுத்த வரியிலாவது வேண்டும். வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையை ஒட்டி உடைந்திருந்தால், கட்டுமானமும் மண்ணும் சேரும் இடத்தில் மண் சரியாக இறுகவில்லை என்று சந்தேகிக்கலாம்; நீர் அந்த இடுக்கில் வழி கண்டுபிடித்துவிடும். நடுக்கரை என்றால் எலிவளை, நண்டுவளை, வெட்டிய மரத்தின் மட்கிய வேர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 'கரையில் கசிவு' என்ற செய்தியிலும் ஒரு சொல் எப்போதும் விடுபடுகிறது. தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கல் நீர் வந்தால் உள்ளே மண் அரிபட்டு வெளியேறுகிறது என்று பொருள்; அங்கே மணல் மூட்டைகளோடு அன்றிரவே ஆள் நிற்க வேண்டும். 'தெளிந்த', 'கலங்கிய' என்ற ஒரு பெயரடைக்கு நாளிதழில் இடமில்லாமல் போகாது.

இலக்கணத்தோடு நேராகத் தொடர்புள்ள பிழை ஒன்று உண்டு. 'தூர்ந்தது' தன்வினை: வண்டல் படிந்து குளம் தானாக மேடாவது. 'தூர்த்தார்கள்' பிறவினை: கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி ஒருவர் மூடுவது. லாரி லாரியாக மண் கொட்டி மூடிய குளத்தையும் 'தூர்ந்துபோன குளம்' என்றே எழுதுகிறார்கள். மூடியவர் யார் என்ற கேள்வி அந்தத் தன்வினைக்குள் மறைந்துவிடுகிறது. 'குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது' என்பதும் இப்படித்தான். அந்தக் குடியிருப்பு குளத்தின் உள்வாயில், அதாவது முழுக் கொள்ளளவில் நீர் பரவி நிற்கும் பரப்பில் எழுந்திருந்தால், நடந்தது குளம் நிரம்பியது மட்டுமே.

'தூர்வாரப்பட்டது' என்று எழுதும்போது எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேட்டு எழுதுங்கள். மடையின் தளமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மடை வழியாக வயலுக்குப் போகாது. கால்நடைக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும், பாசனத்துக்கு உதவாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனப்படும். குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் வாரினால் ஆழமான வெறுங்குளம்தான் மிச்சம். வாரி எடுத்த மண்ணுக்கும் பெயர் உண்டு: வயலுக்குப் போகும் வளமான படிவு வண்டல், தெற்கே கரம்பை. கரையை உயர்த்தவோ சாலை போடவோ அள்ளிய மண்ணை அந்தப் பெயரால் எழுதக்கூடாது.

பெயர்ச்சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வடக்கே ஏரி எனப்படும் பாசனத் தேக்கம் மதுரை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரியில் குளம். தஞ்சைக்காரருக்குக் குளம் என்றால் பெரும்பாலும் படித்துறை வைத்த குளிக்கும் குளம் அல்லது கோயில் குளம். ஊருணி குடிநீருக்கானது, அதில் கால் நனைப்பதைக்கூட ஊர் விடாது. மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் உண்டு, வண்டியூர்க் கண்மாயும் உண்டு. 'வண்டியூர் குளம் நிரம்பியது' என்றால் எதைச் சொல்கிறீர்கள்? ஒன்று தெப்பத் திருவிழா நடக்கும் கல்கட்டுக் குளம், மற்றது பாசனத்துக்கு வெட்டிய கண்மாய். பொறுப்பும் பெயரோடு ஒட்டியது: 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்திடம், தெப்பக்குளம் என்றால் கோயில் நிர்வாகத்திடம். 'அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடிப்பதற்கு முன் எந்த அலுவலகம் என்று பார்த்துவிடலாம்.

உவமைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணீருக்குக் குளம், ரத்தத்துக்கு வெள்ளம் என்று வழக்கே பிரித்து வைத்திருக்கிறது; 'கண்கள் குளமாயின', 'ரத்த வெள்ளத்தில் கிடந்தார்'. மாற்றிப் போட்டால் காதில் இடறும். அறிவியல், வணிகப் பக்கங்களில் எட்டிப்பார்க்கும் 'மரபணுக் குளம்', 'திறமைக் குளம்' இன்னும் மோசம்; ஆங்கிலத்தின் 'pool' என்ற சொல்லை அப்படியே பெயர்த்தவை இவை. தமிழில் குளம் என்ற சொல் நீர் தேங்குமிடத்தைச் சுட்டும். அகராதியைப் புரட்டினால் நெற்றி, வெல்லம் என்றும் பொருள் கிடைக்கும். பலருடையதைத் திரட்டிப் பொதுவில் வைப்பது என்ற பொருள் அதற்கு இல்லை. மரபணுத் தொகுப்பு, பொது நிதி, கூட்டுப் பயணம் என்று இடத்துக்கேற்ற சொற்கள் கைவசம் இருக்கின்றன. நீச்சல்குளம் மட்டும் தடையில்லாமல் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே தண்ணீர் நிற்கிறது.

கடைசியாக அளவுகள். 'குளத்துக்கு 500 கன அடி தண்ணீர் வருகிறது' என்ற வரியில் 'விநாடிக்கு' விடுபட்டால் அது சுமார் 14,000 லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. விநாடிக்கு 500 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 4.32 கோடி கன அடி, அதாவது 43.2 மில்லியன் கன அடி. '20 அடிக் குளத்தில் 10 அடி நீர், பாதி நிரம்பியது' என்பதும் தவறு. குளத்தின் அடி குறுகலாகவும் மேற்பரப்பு அகலமாகவும் இருக்கும். சீரான கிண்ண வடிவம் என்று வைத்துக்கொண்டால் பாதி ஆழத்தில் ஏறக்குறைய கால்பங்கு நீர்தான் இருக்கும். அடிக்கணக்கை மட்டும் போட்டுவிட்டுக் கொள்ளளவை நீர்வளத் துறையின் அன்றைய அறிக்கையிலிருந்து தனியாக எடுத்து எழுதுங்கள். அது கிடைக்காத நாளில் 'பாதி' என்ற சொல்லை விட்டுவிடுவது நல்லது.

தங்கள் அன்புள்ள
வாசகர்