டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் காந்தத் துகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ராதாபுரம் பக்கம் எங்கள் ஊரில் போன சித்திரையில் டிரான்ஸ்பார்மர் போய், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வழியில்லாமல் நாலு நாள் தவித்தோம். இறக்கி வைத்திருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் மணிகள் மொத்தமும் வெளிர் சிவப்பாகிக் கிடந்தன, அதாவது ஈரத்தை உறிஞ்சும் சக்தி அவற்றுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது, டிரான்ஸ்பார்மருக்குள் கம்பிச் சுருள்களைச் சுற்றி நிரப்பியிருக்கும் எண்ணெயில் ஈரம் புகுந்தால், அதற்கு மின்சாரத்தைத் தடுக்கும் வலு குறைந்துவிடும்.

அந்த வலுவைக் கூட்ட, ஆய்வாளர்கள் அந்த எண்ணெயிலேயே மேக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடைச் சுமார் 10 நானோமீட்டர் துகள்களாக, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒலியிக் அமிலம் பூசிக் கலந்து பார்க்கிறார்கள். இரும்பைப் போட்டால் ஷார்ட் ஆகாதா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் 1998இல் வெளிவந்த ஆய்விலேயே, மின்னல் அடித்தாற்போல வரும் நேர்மின் (பாசிட்டிவ்) மின்னழுத்த அதிர்ச்சியை இந்தக் கலவை வெறும் எண்ணெயைவிட நன்றாகத் தாங்கியது. பாய்ந்தோடும் எலக்ட்ரான்களைத் துகள்கள் பிடித்துக்கொள்வதால் மின்பொறி மெதுவாகத்தான் நகர முடிகிறது என்கிறார்கள். அப்புறம், சூடேறினால் திரவத்தின் காந்தத்தன்மை குறையும், அதனால் குளிர்ந்த பகுதி சுருளின் காந்தத்தால் அதை நோக்கி இழுபட்டு, பம்பு இல்லாமலே சூடு தணிய உதவும்.

சரி, கலக்கும் துகள் அளவுக்கு மிஞ்சினால் மின்காப்பு கெடும், வருடக்கணக்கில் அடியில் படியாமலும் இருக்க வேண்டும். வெயிலும் கடற்காற்றும் காற்றாலைகளும் உள்ள நம் நெல்லைச் சீமையிலேயே இதைச் சோதிக்கலாமே, இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் முன்வர வேண்டும். அதுவரைக்கும் அந்த ஜெல்லையாவது நேரத்துக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி, ராதாபுரம் வட்டம்