நம்ம ஊர் எதுன்னு தம்பி கேட்டானாம்

பழைய வண்ணாரப்பேட்டை
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுட்டு எழுதுறது

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அண்ணன் வீடும் இங்க நல்ல சுகம். மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்லு. என் பேரன் தம்பிக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம்.

அம்மாவோட ஊரைப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வான்னு தம்பிக்கு ஸ்கூல்ல சொன்னாங்கன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்த. மொத்தம் 11 செகண்ட். அதுல பாதி அவன் பேசுறான். மீதியில நீ, "எழுதி அனுப்பும்மா"ங்கிற. எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியாது. சளியா? குரல் கம்மிப் போயிருக்கு. ஏசியில தலைமாட்டை வச்சுப் படுக்காத. போன்லயே ஊர்க்கதை சொல்லிடலாம், ஆனா மாப்பிள்ளைதான் எடுக்குறார், எடுத்து ஸ்பீக்கர்ல போடுறார். அவருக்கும் வேலை இருக்கும், எதுக்குத் தொந்தரவு. கேமரா கெட்டுப்போச்சுன்னு ரம்ஜான்ல சொன்ன, இன்னும் சரியாகல. ஷார்ஜாவுல போன் ரிப்பேர் பண்ற கடைக்கா பஞ்சம்? சரி, இருக்கட்டும்.

எதிர்வீட்டு அக்கா மருமக புதன்கிழமை அங்க வருது. அது கையில இந்தக் கடிதமும் ஒரு ஓலைப்பெட்டியும் கொடுத்து விடுறேன்.

தம்பிக்கு முதல்ல ஒண்ணு சொல்லு. அவன் அம்மா பிறந்தது வண்ணாரப்பேட்டை, ஆனா ஊர்னு கேட்டா பழவேற்காடுதான். உங்க அத்தா உயிரோட இருந்திருந்தா இதுக்கே ஒரு சண்டை போட்டிருப்பார். எப்படிப் போறதுன்னு கேட்டான்னா ஸ்டேஷன் பேரைச் சொல்லிக் கொடு, நீ ரெண்டாவது படிக்கும்போது பாட்டு மாதிரி சொல்லுவியே: கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். எண்ணூர் தாண்டுறப்ப மூக்கைப் பொத்திக்குவ. அப்புறம் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி. பொன்னேரியில இறங்கி பஸ். புளியமரம் முடிஞ்சு காத்துல உப்பு அடிச்சா ஊர் வந்துடுச்சு.

எங்க நன்னா, அதான் என் தாத்தா, அவர் காலத்துல ரயிலே வேண்டாம். நம்ம கொருக்குப்பேட்டைப் பக்கம் கறுப்பா ஓடுதே பக்கிங்காம் கால்வாய், அது நேரா பழவேற்காட்டு ஏரிக்குப் போகுது. நன்னா அதுல படகுல சவுக்கு விறகு ஏத்திக்கிட்டு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வருவார். காத்து இருந்தா பாய் விரிப்பாங்க, இல்லன்னா கரையில இறங்கி கயிறு கட்டி இழுப்பாங்க. இன்னிக்கு அந்தத் தண்ணியில காலை வச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். தம்பி நம்ப மாட்டான், ஆனா எழுதட்டும்.

ஊர் கடல் பார்த்த ஊர் இல்ல, ஏரி பார்த்த ஊர். கடல் அந்தாண்ட, பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பத்துப் பக்கம். ஏரின்னா நம்ம ரெட்டேரி மாதிரி இல்ல. ஒரிசா சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உப்பங்கழி இதுதான். பாதிக்கு மேல ஆந்திராவுல கிடக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல முகத்துவாரம். அது மண் அடைச்சுக்கிச்சுன்னா கடல் தண்ணி உள்ள வராது, இறால் குஞ்சும் வராது, ஊரே பட்டினி. மீன்காரங்க காசு போட்டு வெட்டி விடுவாங்க, அடுத்த புயலுக்குத் திரும்ப மூடிக்கும். ஏரியில நெனச்ச இடத்துல வலை போடவும் முடியாது. பாடுன்னு ஒரு முறை உண்டு. எந்த நாள் யாரு எந்த இடத்துல வலை கட்டணும்னு சீட்டு குலுக்கித் தீர்மானிப்பாங்க. நல்ல இடம் ஒருத்தனுக்கே கிடைச்சுடக் கூடாது. ஜமீலாபாத்துல நம்ம ஆளுங்களும் மீன் பிடிக்கிறாங்க. மடவை, கொடுவா, பால் மீன், இறால். நண்டைச் சொல்லவே வேண்டாம்.

நம்ம ஆளுங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னா, அரபு நாட்டுலேர்ந்து கப்பல்ல வந்தவங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. தம்பி அதை அங்க ஸ்கூல்ல எழுதினா டீச்சர் சந்தோஷப்படுவாங்க. அப்புறம் போர்த்துக்கீசியர் வந்தாங்க, மகிமை மாதா கோயில் அவங்க கட்டினது. அதுக்கப்புறம் டச்சுக்காரங்க. 1613ல கோட்டை கட்டி கெல்ட்ரியான்னு பேர் வச்சாங்க. நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் இந்தக் கரை முழுக்க அவங்களுக்கு நம்ம ஊர்தான் தலைநகர். நம்ம நெசவுத் துணிதான் கப்பல் கப்பலா போச்சு. பாலயகாட் கைலிங்கிற பேரே நம்ம ஊர் பேர்தான்னு மண்ணடிக் கடையில உங்க அத்தா வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லுவார். துணி மட்டும் போகல, மனுஷங்களையும் அடிமையா ஏத்திட்டுப் போனாங்க. அதைத் தம்பிக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு நீயே பாத்துக்க.

கோட்டை இப்ப புதரும் பள்ளமும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் நல்லா இருக்கு, தொல்லியல் துறை பூட்டுப் போட்டு வச்சிருக்கு. வாசல் தூண்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு எங்க நன்னாதான் சுத்திக் காட்டுவார், நாலணா எட்டணா கொடுப்பாங்க. நான் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடித்தான் அந்த வாசலைத் தாண்டுவேன். நீயும் பயந்த. தம்பியும் பயப்படுவான், பயப்படட்டும், நல்லதுதான்.

பெரிய பள்ளி, சின்னப் பள்ளி ரெண்டு. பள்ளிவாசல்ல நிழலைப் பாத்து நேரம் சொல்ற கல் கடிகாரம் இருக்கு. லுஹருக்கு நேரமாச்சான்னு நன்னா அதைத்தான் பாப்பார், கையில வாட்ச் கட்டியிருந்தாலும்.

தம்பிக்குப் பிடிக்கப் போறது ராக்கெட்தான். ஸ்ரீஹரிகோட்டா நம்ம ஏரிக்கு அந்தக் கரை. 1980 ஜூலை 18, ரோகிணிங்கிற செயற்கைக்கோளை மேல அனுப்புனாங்க. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அதுக்கு முந்தின வருஷம் விட்டது கடல்ல விழுந்துடுச்சு, அதனால இது என்னாகப் போகுதோன்னு ஊரே கரையில நின்னுச்சு. இப்பவும் ராக்கெட் விடுற அன்னிக்கு மீன்காரங்களைக் கடல்ல இறங்க விட மாட்டாங்க. ஊர்ல ஜன்னல் அதிரும். எங்க அம்மா அடுப்புல இருந்தபடியே "போய்ச் சேந்துச்சா?"ன்னு கேப்பாங்க, ஏதோ பொன்னேரி பஸ் மாதிரி.

நவம்பர்லேர்ந்து பூநாரை வரும். படகு சவாரி மட்டும் கேட்டான்னா இல்லன்னு சொல்லு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு படகு கவுந்து 22 பேர் போயிட்டாங்க, எல்லாம் சொந்தக்காரங்க, சந்தோஷமா சோறு கட்டிக்கிட்டு வந்தவங்க. அன்னிக்கு நீ ஹாஸ்டல்லேர்ந்து பத்து தடவை போன் பண்ணின. "அம்மா நீ ஊர்லயா இருக்க, வீட்டுலயா இருக்க"ன்னு. அப்பல்லாம் நீ பத்து தடவை பண்ணுவ.

பி.காம்.ல நீ வாங்குன மார்க் ஷீட்டை இன்னும் குர்ஆன் வைக்கிற அலமாரியிலதான் வச்சிருக்கேன். வீட்டுக் கணக்கு பாக்கவா அவ்வளவு படிச்சன்னு உன் அண்ணன் கேக்குறான். அந்தச் செயினை என்ன பண்ணினன்னும் நான் கேக்கல.

கடைசியா ஓலை. ஊர்ல பொம்பளைங்க கையில எப்பவும் பனை ஓலை இருக்கும். குருத்தோலையை ஈர்க்கு நீக்கிக் கிழிச்சு, சாயத்தண்ணி கொதிக்கிறப்ப முக்கி எடுத்து, நிழல்லதான் காய வைக்கணும். வெயில்ல போட்டா முறுகிடும். பின்னும்போது பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி. விரலை நனைச்சு நனைச்சுப் பின்னணும். மூடியை அடியை விட ரெண்டு இழை பெருசா ஆரம்பிக்கணும், இல்லன்னா சேராது. இழுக்குற ஓலை ஆள்காட்டி விரலைக் கத்தி மாதிரி அறுக்கும். அந்தத் தழும்பு உனக்கும் உண்டு, ஏழாவது படிக்கிறப்ப வந்தது. இப்ப அனுப்புறது சிவப்பும் பச்சையும். நீ சின்னப் பிள்ளையில பெருநாள் காசு போட்டு வச்சிருந்தியே, அதே மாதிரிப் பெட்டிதான். அடியை நல்லாத் துடைச்சுட்டு வை. ஏசி ஈரத்துக்கு ஓலை பூஞ்சை பிடிக்கும். மறந்துடாத, அடியைத் துடை.

வெயில்ல அலையாத. நேரத்துக்குச் சாப்பிடு. கேமராவைச் சரி பண்ணச் சொல்லு.

உன் அம்மா

*

இந்தத் தாள் உன் கையில இருந்தா பெருநாள் காசை எங்க ஒளிச்சன்னு உனக்கு ஞாபகம் இருக்குன்னு அர்த்தம். அல்ஹம்துலில்லாஹ். பாத்ரூம்ல வச்சுப் படி. படிச்சதும் கிழிச்சுத் தண்ணியில விட்டுடு.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். கல்யாணமாகி அடுத்த வருஷம், 1988ல, நான் ஒரு நாள் சாயங்காலம் கட்டின புடவையோட பழவேற்காட்டுக்குப் போயிட்டேன். உங்க அத்தா கை எப்படின்னு உனக்குத் தெரியும், நீயும் பாத்திருக்க. எங்க அம்மா எதுவும் கேக்கல. சோறு போட்டாங்க. தலைக்கு எண்ணெய் வச்சு விட்டாங்க. விடிய முதல் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டாங்க. வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு அந்நேரத்துக்குக் கரையில கிடைச்ச நண்டை ஓலைக்கூடையில போட்டு மேல ஈரச்சாக்கு கட்டி மடியில வச்சாங்க. உங்க அத்தா வீட்டுல நண்டு தொட மாட்டாங்கன்னு எங்க அம்மாவுக்குத் தெரியாதா என்ன? பொன்னேரி வரைக்கும் அது உள்ளேர்ந்து பிறாண்டிக்கிட்டே வந்துச்சு. சாக்குக்கு மேல கையை அழுத்தி வச்சுக்கிட்டு வந்தேன். ரயில்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவுக்கே கொடுத்துட்டேன், கூடையோட.

எங்க அம்மா மேல இருந்த கோபம் அவங்க மௌத் ஆகியும் போகல. என் பொண்ணுக்கு இப்படிப் பண்ண மாட்டேன்னு எத்தனை தொழுகையில சொல்லியிருப்பேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி நீ தம்பியோட ஒரே பெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்ன. மூணாம் நாள் மாப்பிள்ளை வந்து, மன்னிப்புக் கேட்டு, கூட்டிட்டுப் போனார். மனசு மாறித் தானா ஓடி வந்தார்னு நீ நெனச்ச. அன்னிக்கு உன் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மறக்கல. அவர் தானா வரல. நான்தான் போன் பண்ணினேன். நீ குளிக்கப் போயிருந்தப்ப, பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவுல, "வந்து கூட்டிட்டுப் போங்க, தெருவுல பேசுறாங்க"ன்னு சொன்னேன். தெருவுல யாரும் பேசல. நான் பயந்தேன். உன் அண்ணி என்ன சொல்லுவாளோன்னு பயந்தேன். போறப்ப உன் கையில பிரியாணி டப்பா கொடுத்தேன். எங்க அம்மா நண்டு, நான் பிரியாணி.

ஊர் வீட்டு ஓடு மாத்திட்டேன். மிக்ஜாம் வெள்ளத்துல போன பின்சுவரையும் எடுத்துக் கட்டியாச்சு. யார் காசும் இல்ல, பெட்டி பின்னுன காசு. உன் அண்ணன்கிட்ட, வாடகைக்கு விடப் போறேன்னு சொல்லியிருக்கேன். உள் தாழ்ப்பாள் புதுசு. இந்தத் தாளோட மடிச்சு வச்சிருக்கிறது அந்தச் சாவிதான்.

உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு? தம்பியோடது? அவர் பூட்டி வச்சிருந்தாலும் பயப்படாத, துபாயில நம்ம நாட்டுத் தூதரக ஆபீஸ் இருக்கு, அங்க போய்க் கேக்கலாம். பெட்டி கொண்டு வர்ற பொண்ணுக்கு விவரம் தெரியும், அதுகிட்ட மட்டும் பேசு. அது நம்பரை மனப்பாடம் பண்ணிக்க, போன்ல ஏத்தாத.

நீ எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. அவர் பக்கத்துல இருக்கட்டும், பரவாயில்ல. பெட்டி வந்துச்சும்மா, மூடி சரியா இருக்குன்னு சொன்னா, நீ நல்லா இருக்கன்னு எடுத்துக்கிறேன், நம்புறேன், வேற கேக்க மாட்டேன். மூடி சேரலன்னு சொன்னா மறுநாளே டிக்கெட் காசு அந்தப் பொண்ணு கையில இருக்கும். ஏர்போர்ட் வாசல்ல நான் நிப்பேன். அங்கேர்ந்து நேரா ஊருக்கு, வண்ணாரப்பேட்டைக்கு வேண்டாம்.

இந்தத் தடவை நான் யாருக்கும் போன் பண்ண மாட்டேன்.